“முன்னாடி ஏதோ லொட லொடங்குதுங்க!”

“முன்னாடி ஏதோ லொட லொடங்குதுங்க. ஷாக் போயிருச்சுன்னு நெனைக்கறேன்.”

பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் வண்டியை விட்டு இறங்கும்போதே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதல் வாக்கியம் எனக்குத் தேவை. இரண்டாவதை அங்கேயே மறந்துவிடுவேன். காருக்கு அடியில் இருக்கும் சாமான்களில் ஷாக் அப்சார்பர் என்ற பெயர் மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் கீழே எது தட்டினாலும் பழி அதன் மேல் விழுகிறது. இரண்டு ஷாக்கையும் மாற்றி, பில்லைக் கட்டி, வண்டியை வெளியே எடுப்பார்கள். முதல் வேகத்தடையிலேயே அதே லொட லொட.

சத்தம் எங்கே வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். நேராகப் போகும்போதா, திருப்பத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, ரிவர்ஸ் எடுக்கும்போதா? ஒரு தட்டா, தொடர்ந்து தட்டுகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி. கேட்காமல் கழற்ற ஆரம்பித்தால் வண்டிக்காரரின் பணத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றி ஆரூடம் பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்குப் படும் பாடு அதிகம். தோப்புக்குப் போகும் மண்பாதை, பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் கரை, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள், இவற்றோடு வேகத்தடைகள். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வகுத்திருக்கிறது: வட்டமான மேடு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற வண்டி அதில் சிரமம் இல்லாமல் ஏறி இறங்கிவிடும். ஊர்க்காரர்களே ஜல்லி கொட்டி எழுப்பிய மேடுகளில் அகலம் முழக்கணக்கில்தான் இருக்கிறது, உயரத்துக்கு மட்டும் குறைவே கிடையாது. சக்கரம் அதில் ஏறுவதில்லை, மோதுகிறது. அந்த மோதலை வாங்கிக்கொள்வதற்காகவே வண்டியில் ரப்பரும் உருண்டையும் ஸ்பிரிங்குமாகச் சில பாகங்கள் இருக்கின்றன. அவை தேயத்தான் செய்யும். அதில் வண்டியின் குற்றமும் இல்லை, ஓட்டுகிறவர் குற்றமும் இல்லை.

ஆனால் அடியில் இறங்குவதற்கு முன்னால் டிக்கியைக் காலி செய்ய வேண்டும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேங்காய் வியாபாரம் செய்யும் ஊர் இது. ஸ்டெப்னிக் குழிக்குள் விழுந்து உருளும் ஒரே ஒரு தேங்காய், சஸ்பென்ஷனே கழன்றுவிட்ட மாதிரி சத்தம் போடும். ஜாக்கியும் அப்படித்தான். பல கார்களில் ஜாக்கியை அதன் பிடிக்குள் வைத்து, திருகைக் கொஞ்சம் சுற்றி விரித்துவிட்டால்தான் ஆடாமல் நிற்கும். பஞ்சர் பார்த்த அவசரத்தில் சும்மா போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வீல் ஸ்பேனர், பின்சீட்டின் கொக்கி, யாரும் போடாத சீட் பெல்ட்டின் பக்கிள் பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் தட்டுவது, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்து கிடப்பது, பானெட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் இறங்கிப்போவது, பேட்டரியின் கிளாம்ப் லூசாக இருப்பது என்று பட்டியல் நீளும். இவற்றைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகாது, செலவும் கிடையாது. இதற்குப் பிறகும் சத்தம் இருந்தால்தான் கீழே வேலை.

கீழே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் பழகியது அம்பாசிடரில். அதில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். 1983-ல் மாருதி 800 வந்தபோது முன் சக்கரத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் இருந்தது. ஏர்ல் மெக்பெர்சன் அமெரிக்கப் பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக உழைத்தார். அந்தக் கார் சந்தைக்கு வராமலே போனதும் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டு வெளியிட்ட கான்சல் காரில் அவருடைய அமைப்பு இருந்தது. இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரத்தில் இருப்பது அதுதான். ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங், ஸ்டீரிங்கோடு சக்கரம் திரும்பும் அச்சு மூன்றையும் அவர் ஒரே காலாக்கிவிட்டார். அந்தக் காலின் தலை பானெட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் மவுண்ட்டிலும் பேரிங்கிலும் உட்கார்ந்திருக்கும். காலின் அடியைப் பிடித்துக்கொள்வது லோயர் ஆர்ம். ஆர்மின் உள்முனையில் இரண்டு ரப்பர் புஷ், வெளிமுனையில் ஒரு பால் ஜாயிண்ட். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு வளைந்த கம்பி போகும். திருப்பத்தில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் இரண்டு நுனியையும் சக்கரப் பக்கத்தோடு கட்டிவைப்பது லிங்க் ராட்.

இந்த லிங்க் ராட்தான் என் பட்டறையின் நிரந்தர வாடிக்கையாளர். சாணளவு, ஒன்றரைச் சாணளவு கம்பி. இரண்டு முனையிலும் கோலி அளவில் ஓர் உருண்டை, ஒரு கிண்ணத்துக்குள் அடைபட்டு, ரப்பர் உறை போட்டு இருக்கும். உறை கிழிந்தால் தூசியும் தண்ணீரும் உள்ளே போய், கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அவ்வளவுதான். குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது டொக் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்துவிடும். வேகமாகப் போனால் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். நல்ல ரோட்டில் வராது.

இதை வண்டிக்காரரே கண்டுபிடிக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு வேகத்தடையை முதலில் நேராக, இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகக் கடந்து பாருங்கள். பிறகு அதையே சாய்வாக, ஒரு சக்கரம் முந்தி ஏறும்படி கடந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே போனால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, அதனால் லிங்க் ராடுக்கு வேலை இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்றானால்தான் அது இழுபடும். நேராகக் கடக்கும்போது கப்சிப், சாய்வாகக் கடக்கும்போது டொக் என்றால் லிங்க் ராட் மேலோ, பாரைப் பிடித்திருக்கும் புஷ் மேலோ சந்தேகப்படலாம். இன்னும் உறுதி வேண்டும் என்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, பார் எங்கும் இடிக்காதபடி கட்டிவைத்து, பட்டறையைச் சுற்றி மெதுவாக ஒரு நடை ஓட்டிப் பார்ப்போம். சத்தம் காணாமல் போனால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஷாக்கோடு ஒப்பிட்டால் லிங்க் ராடின் விலை பல மடங்கு குறைவு.

இதில் பல பட்டறைகளில் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பார்கள், ஆடாது. ஒரு சக்கரம் தொங்கும்போது பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும், இடைவெளி மறைந்துவிடும். காம்பு தளர்ந்த மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, வெட்டும்போதுதான் தெரியும். அதனால்தான் லிப்ட் வந்த காலத்திலும் தரையில் வெட்டிய பழைய பிட்டை நான் மூடவில்லை. நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டி தன் எடையைத் தானே சுமந்திருக்க, கீழே நின்று கையால் பிடித்து ஆட்டினால் உள்ளதெல்லாம் உள்ளபடி தெரியும்.

ஆனைமலையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பழைய ஸ்விஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் ஷாக் மாற்றியாகிவிட்டது, லிங்க் ராட் மாற்றியாகிவிட்டது. அடுத்து ஸ்டீரிங் ரேக் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். “ஏனுங் தம்பி, ரேக்கை மாத்தித்தான் ஆகணுமா?” என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ரேங்க் கார்டு மாதிரி கட்டம் போட்டு எழுதியிருந்தார். மேடு பள்ளம்: உண்டு. நல்ல ரோடு: இல்லை. திருப்பம்: இல்லை. காலையும் மாலையும்: ஒரே மாதிரி. கடைசி வரி: பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் நின்றுவிடுகிறது.

“ஐயா, இந்தத் தாளை அவங்ககிட்டக் காட்டுனீங்களா?”

“யாரும் கேக்கலீங் தம்பி.”

பிரேக்கை லேசாக மிதித்தால் பேட் போய் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும், காலிப்பர் ஆடாமல் நிற்கும். அந்த நேரத்தில் சத்தம் நின்றால் தட்டுவது பிரேக்கில்தான் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றினேன். கடைசியாக பேட் மாற்றியவர்கள் பேடை அசையாமல் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டு கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. பேட் தன் இருக்கையில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கிளிப் வாங்கிப் போட்டதும் ஓய்ந்துவிட்டது. சிலசமயம் காலிப்பர் நகரும் பின் தேய்ந்தும் இதே சத்தம் வரும். சோதனை ஒன்றுதான். ரேக்குக்கு எழுதப்பட்ட தொகையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிரேக் பிடிக்கும்போது நிற்கிற சத்தம் இப்படி என்றால், பிரேக் பிடிக்கும்போது வருகிற சத்தம் வேறு. காலியான மைதானத்தில் நடை வேகத்தில் முன்னால் போய் ஒரு பிரேக், ரிவர்ஸில் வந்து ஒரு பிரேக். ஒவ்வொரு முறையும் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்டால் லோயர் ஆர்மின் புஷ்ஷைப் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பின்பக்கம் இருக்கும் பெரிய புஷ். பிரேக்கில் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்படும், ரிவர்ஸில் முன்னுக்கு. நடுவில் தாங்க வேண்டிய ரப்பர் கிழிந்திருந்தால் இரும்பு இரும்பில் போய் மோதும். வால்பாறையிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும் வண்டிகளில் இந்த ரப்பர் சீக்கிரம் போகிறது. ஒரு கடப்பாரைத் துண்டை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் கிழிசல் வாய் திறந்து காட்டும். வண்டி நின்ற இடத்திலேயே, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விடும்போது அதே தட்டு வந்தால் இன்ஜின் மவுண்டிங். அது சஸ்பென்ஷன் கணக்கில் சேராது.

புஷ் மாற்றுவதில் ஒரு விஷயத்தை நான் கத்திக் கத்திச் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். ஆர்மின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. புஷ்ஷில் ரப்பரும் நடு இரும்புக் குழாயும் ஒட்டிப் பிணைந்தவை, குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கேறியபடி நிற்கும், சீக்கிரமே கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். “போன வருஷம்தானே மாத்துனோம்” என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது புஷ் தரத்தை அல்ல, இந்த அவசரத்தைத்தான்.

வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். பேரிங் சுழலாததால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று விடுபடுகிறது. ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்தத் துள்ளல் கையில் தெரியும். சுருள்களின் இடுக்கில் விரலைக் கொடுத்துவிடாதீர்கள். திருப்பத்தில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும், சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப டக் டக் டக் என்று வந்தால் அது ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட். சத்தம் ரோட்டின் தாளத்துக்கு வருகிறதா, சக்கரத்தின் தாளத்துக்கு வருகிறதா என்று பிரித்துக் கேட்டால் இது குழப்பாது.

அப்படியானால் ஷாக் எப்போதுதான் குற்றவாளி? தண்டில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால். பெரிய மேட்டில் ஏறி இறங்கும்போது ‘தொப்’பென்று கனமாக ஒரு அடி விழுந்து, அதன் பிறகும் வண்டி ஊஞ்சலாடினால். பானெட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையில் முழுக்கச் செத்துப்போன ஷாக்தான் மாட்டும், பாதி உயிரோடு இருப்பது தப்பித்துவிடும். ஆறு பேரும் இரண்டு மூட்டைத் தேங்காயும் ஏற்றிக்கொண்டு போய் ‘தொப்’ என்கிறது என்றால் எந்த ஷாக்கும் என்ன செய்யும்? ஷாக் மாற்றிய பிறகு புதிதாக ஒரு தட்டல் வந்தால் மேல் நட் சரியாக இறுகவில்லை, அல்லது ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் உட்காரவில்லை. மாற்றிய இடத்துக்கே போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

காதை மட்டும் நம்பாதீர்கள். வண்டியின் உடம்பு முழுக்கத் தகடு. வலது பக்கம் எழும் தட்டல் இடது பக்கம் கேட்கும், பின்னால் வருவது டாஷ்போர்டுக்கு அடியில் கேட்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால் அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபக்கத்தையும் கேட்கலாம். பட்டறையில் என் பையன்கள் இரண்டு பேர் வண்டியை மேலும் கீழும் அமுக்க, நான் பிட்டில் நின்று ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துக்கொண்டு போவேன். தட்டுகிற இடம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்ததை மட்டும் வீட்டில் ஜாக்கி வைத்துச் செய்து பார்க்காதீர்கள். செய்துதான் ஆக வேண்டும் என்றால் சமதளத்தில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்ட் வைத்து, உடம்பை வண்டிக்கு வெளியே வைத்துக்கொண்டு செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவர் பிரேக்கை மிதிக்கும்போது ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 9-லும் 3-லும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் ஸ்டீரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் அல்லது ரேக். இவற்றைப் பார்க்காமல் வீல் அலைன்மெண்ட் செய்வது காசைக் கொட்டுவது. ஆடுகிற ஜாயிண்டை வைத்துக்கொண்டு அளந்த அளவு அடுத்த குழியிலேயே மாறிவிடும்.

வண்டிக்காரர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். சத்தம் பெரிதாக இருந்தால் ஆபத்து, சின்னதாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். ஊரையே கூட்டும் லிங்க் ராட் அறுந்தால்கூட, திருப்பத்தில் வண்டி கொஞ்சம் அதிகம் சாயும், மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்துவிடலாம். பால் ஜாயிண்ட் பெரும்பாலும் கடைசி வரைக்கும் வாய் திறக்காது. எப்போதாவது ஒரு தட்டு, ஸ்டீரிங்கில் ஒரு சின்னத் தளர்ச்சி, டயரின் ஓரத்தில் கோணலாகத் தேய்மானம், அவ்வளவுதான் முன்னறிவிப்பு. அதன் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கும், வண்டியின் மூலை தரையில் உட்காரும், ஸ்டீரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இந்த மாதிரி மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். சர்வீசுக்கு வரும்போதெல்லாம் கிரீஸ் அடிப்போம், அடிக்கும் சாக்கில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிடுவோம். இன்றைய ஜாயிண்டுகள் மூடி சீல் செய்தவை, கிரீஸ் அடிக்க வழியில்லை. அதனால் யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பது வெளியே இருக்கும் ஒரு ரப்பர் உறை மட்டும்தான். ஆயில் மாற்றும்போது டார்ச் அடித்து நான்கு உறைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு பால் ஜாயிண்ட், இரண்டு டை ராட் எண்ட். கிழிசல் புதிதாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் அவசரமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டறைக்குப் போகும்போது தலைமையாசிரியர் மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் அது ஆடுவதை முதலில் கண்ணால் பாருங்கள், மாற்றிய பிறகு பழையதைக் கேட்டு வாங்கிக் கையில் அசைத்துப் பாருங்கள். லிங்க் ராட் என்றால் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடலாம். பால் ஜாயிண்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் என்று சொன்னால் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பாகம் வரும்வரை பட்டறையிலேயே நிற்கட்டும், நீங்கள் பஸ்ஸில் போங்கள்.